ஆறு கட்டில், ஏழு துடிப்பு

நிமியா மறுபடியும் கேட்டாள். ஆஸ்பத்திரியின் சர்வர் கணினி மறுபடியும் ஏழு என்றது.

வெளியே அனல் பறக்கும் வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை ஊரான புவேர்ட்டோ சான் எலாடியோவில் அந்தக் காற்று கிளம்பிவிட்டால் நாய்கூடத் தெருவில் நிற்காது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊர் மொத்தமும் ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். அதற்குப் பிறகு ஆற்றில் கட்டிப்போட்ட படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கிற சத்தமும், தகரக் கூரைகள் வெயிலில் விரிந்து முறிகிற சத்தமும்தான் கேட்கும். ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். தாழ்வாரத்தில் காத்திருந்த உறவுக்காரர்கள் மாமர நிழலுக்குப் போய்விட்டார்கள். வெளிநோயாளி அறைகள் பூட்டிக் கிடந்தன. அதனால்தான், ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற நிமியா இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

சர்வர் இருந்த அறை முன்பு சலவை அறை. துவைக்கிற தொட்டியைப் பெயர்த்து எடுத்துப் பல வருடங்கள் ஆகியும் சுவரில் சவுக்காரத்தின் காரநெடி போகவில்லை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பலகை வைத்து அறைந்தது. குளிர்சாதனத்திலிருந்து வாளியில் நீர் சொட்டியது. அதற்குப் பின்னால், அறை முழுக்க நிறைந்த ஒரு சத்தம்: நீளமாக உள்ளே இழுப்பது, கொஞ்சம் நிற்பது, நீளமாக வெளியே விடுவது. சர்வரின் விசிறி தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் நிமியா. அதையும் மாற்ற வேண்டும்.

மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் இந்தச் சர்வரில் ஒரு சேவை ஓடியது. நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் அனுப்புகிற துடிப்பை அது ராப்பகலாகக் கேட்கும், பிசகினால் நர்ஸ்களின் மேசையில் மணி அடிக்கும். இந்தச் சேவைகளையெல்லாம் தொடக்கி, விழுந்தால் தூக்கி நிறுத்தி மேய்ப்பது முதல் நிரல். சர்வர் கண் விழித்த அன்று முதலில் எழுந்தது அது. அது செத்தால் எல்லாம் சாகும்.

அது சாகப்போகிறது என்பதுதான் சிக்கல். இரண்டு வாரமாக அது ஊதிக்கொண்டே வந்தது. நினைவகத்தை விழுங்கி விழுங்கி, இன்று காலையில் கடைசி ஓரத்துக்கு வந்துவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்றால் முடியாது. எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற சர்வரின் வட்டு கோடையின் தொடக்கத்திலேயே கருகிவிட்டது. தலைநகர் அசுன்சியோனிலிருந்து புது வட்டு வருகிறது, வருகிறது என்றார்கள், வரவேயில்லை. அன்றிலிருந்து அந்த இயந்திரம் நினைவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியது. அணைத்தால் மறுபடி எழாது.

ஆகவே ஒரே வழி, ஓடுகிற பேருந்தில் ஓட்டுநரை மாற்றுவது. பழைய முதல் நிரல் தன் கையில் இருப்பதையெல்லாம் ஒரு கைமாற்றுக் குறிப்பாக எழுதிவைக்கும். யார் யார் ஓடுகிறார்கள், எந்தக் கம்பி யாருடையது, எது எந்த நிலையில் நிற்கிறது. பிறகு அதே இடத்தில், அதே ஒன்றாம் எண்ணோடு, புதிய நிரல் கண் விழித்து அந்தக் குறிப்பைப் படித்துக்கொள்ளும். பயணிகளுக்கு வண்டி குலுங்கியதே தெரியாது.

குறிப்பில் ஆறு பேர் இருக்க வேண்டும். ஏழு பேர் இருந்தார்கள்.

ஏழாவதற்குப் பெயர் இல்லை. அதைப் பெற்ற நிரல் என்றைக்கோ செத்துவிட்டது. பெற்றது செத்து அநாதையாகிற எதையும் முதல் நிரல் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும், அது விதி. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்காக அது ஓடிக்கொண்டிருந்தது. சும்மா ஓடவில்லை. ஒரு துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. மெதுவான, கனமான துடிப்பு.

நிமியா உள் தொலைபேசியை எடுத்தாள்.

"ன்யா எயுசேபியா, மேல எத்தனை பேரு?"

தலைமை நர்ஸ் எயுசேபியா தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானத்தைக் குழாயால் உறிஞ்சி முடிக்கிற சத்தம் முதலில் வந்தது. ஐம்பதைத் தாண்டியவள், மரியாதைக்கு எல்லோரும் 'ன்யா' என்றுதான் அழைப்பார்கள். பிணத்தையே சிரிக்க வைத்துவிடுவாள் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர்.

"ஆறு பேரு. நானும் பிளாசிதாவும் சேர்ந்தா எட்டு. வெயில்ல மூளை உருகிடுச்சா மகளே?"

"ஏழாவதா ஒரு துடிப்பு வருது."

"அப்ப அது போம்பேரோப் பேய்தான். ஊரே தூங்குற சியெஸ்டா நேரத்துல தனியா உக்காந்து மெஷினை நோண்டுனா வராம என்ன செய்யும்? கொஞ்சம் புகையிலையும் ஒரு மடக்கு சாராயமும் வெச்சுடு, போயிரும்."

"என் மெஷினுக்கு நான் புகையிலை வெக்க மாட்டேன். விளையாடாதீங்க. அந்த ஹால்ல ஏழாவதா ஒரு பிளக் இருக்கா?"

சிரிப்பு நின்றது. குழாய் குவளையின் அடியைத் தட்டுகிற சத்தமும் நின்றது.

"மூலையில இருக்கு," என்றாள் எயுசேபியா. "முன்னாடி அங்க ஒரு கட்டில் கிடந்துச்சு. நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி."

"எதுக்கு எடுத்தாங்க?"

"ஆத்துல மிதந்து வந்த ஒருத்தனைக் கொண்டாந்து போட்டிருந்தாங்க. உசிரு இருந்துச்சு. பேரு தெரியல, ஊரு தெரியல, தேடிட்டு ஒருத்தரும் வரல. ரொம்ப நாள் கிடந்தான். செத்ததுக்கப்புறம்..." அவள் தொண்டையைச் செருமினாள். "அந்தக் கட்டில்ல யாரைப் போட்டாலும் தூங்க மாட்டேன்னாங்க. எடுத்துட்டோம். நிமியா, அதைத் தொடாதே. இத்தனை வருஷம் சும்மாதானே இருந்துச்சு."

"சும்மா இல்ல. முதல் நிரல் ஊதுறதே இதாலதான். இப்பத்தான் பார்த்தேன், தின்னது முழுக்க இதோட கணக்குல நிக்குது. இதையும் சேர்த்துப் புதுசுக்குக் கைமாத்துனா, அடுத்த வாரமே புதுசும் வெடிக்கும்."

நிமியா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஏழாவதற்கு நிறுத்த உத்தரவு அனுப்பினாள்.

திரையில் அந்த வரி மறைந்தது.

அறையின் சத்தம் உள்ளே இழுத்தது. நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது.

மாடியில் மணி அடித்தது. தொலைபேசிக்குள் எயுசேபியாவின் செருப்புகள் ஓடுவது கேட்டது. இன்னொரு நர்ஸ் பிளாசிதா ஏதோ கத்தினாள். பிறகு எயுசேபியா தூரத்திலிருந்து, "மூணாவது கட்டில்! சிரிலா! இறங்குது, இறங்குது, நாடியே கிடைக்கல!"

சிரிலாவுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான். டெங்கு. அவள் புருஷன் கீழே மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். காலையில் உள்ளே வந்த நிமியாவுக்கு ஒரு சிப்பா ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தவன். திரையில் மூன்றாவது வரியின் எண் படியிறங்குவது போல இறங்கியது. அதற்குக் கீழே, வெறுமையாக இருந்த இடத்தில், ஏழாவது வரி மறுபடி வந்து நின்றது. அதன் எண் ஏறியது. மூன்று இறங்க இறங்க, ஏழு ஏறியது.

நிமியா விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கினாள், துப்பாக்கியைப் பார்த்தவள் மாதிரி.

எண்கள் நின்றன. பிறகு மெல்ல, மெல்ல, சிரிலாவின் எண் ஏறி வந்தது.

"வந்துடுச்சு," என்றாள் எயுசேபியா. மூச்சிரைத்தது அவளுக்கு. "கையில நாடி கிடைச்சுடுச்சு. நீ என்ன பண்ண?"

நிமியாவின் முதுகுத்தண்டில் பயம் ஏறியது, அதன் பின்னாலேயே வேறொன்றும் ஏறியது. அது கோபம். சின்ன வயதில், துறைமுகத்தில் பெரிய பையன்கள் அவள் தம்பியின் கையை முறுக்கிக்கொண்டு 'இப்ப அடி பார்க்கலாம்' என்று சிரித்தபோது வந்த அதே கோபம்.

"ஆளைப் பணயம் வெக்குது," என்றாள்.

ஆஸ்பத்திரி இயக்குநர் ரிவாஸை அழைத்தாள்; அவர் தலைநகரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். கைப்பேசியில் அவர் குரலுக்குப் பின்னால் கரண்டிகள் தட்டில் மோதுகிற சத்தம்.

"எதையும் தொட வேண்டாம் நிமியா. நாளைக்கு இங்கேருந்து ஆள் அனுப்பறேன்."

"நாளைக்கு வரைக்கும் தாங்காது டாக்டர். சாயந்திரம்கூடத் தாங்காது."

"ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உங்களுதுதான். புரியுதா?"

"தொடாம விட்டு ஏதாவது ஆச்சுன்னா அது யாரோட பொறுப்பு டாக்டர்?"

அவர் மூச்சை இழுத்தார், பேச. அவள் வைத்துவிட்டாள்.

திரைக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தாள். பழைய முதல் நிரல் உயிரோடு இருக்கிற வரைக்கும் ஏழாவதைக் கொன்றால் அது திரும்பத் தூக்கி நிறுத்தப்படும். ஆனால் கைமாற்றத்தின் நடுவில் ஒரு கணம் உண்டு. பழையது போய்விட்டது, புதியது இன்னும் குறிப்பைப் படிக்கவில்லை. அந்த ஒரு கணம் ஏழாவதைத் தாங்கிக்கொள்ள யாரும் கிடையாது. குறிப்பைப் படிக்கும் முன் தன்னிடம் ஒருமுறை காட்டும்படிதான் அவள் புதியதை அமைத்திருந்தாள், எச்சரிக்கைக்காக. அங்கே வைத்து அந்த வரியை எடுத்துவிட்டால், புதியதுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாது.

"ன்யா எயுசேபியா. இப்ப மாத்தப் போறேன். மணி கொஞ்ச நேரம் அடிக்காமப் போகலாம். நீங்க ரெண்டு பேரும் கண்ணால பாருங்க. சிரிலா கையை விடாதீங்க."

"வேண்டாம்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"தெரியும். உங்கம்மாவும் இப்படித்தான்." பெருமூச்சு. "சரி. பிடிச்சிருக்கேன். செய்."

நிமியா உத்தரவைக் கொடுத்தாள்.

பழையது எழுதத் தொடங்கியது. ஒன்றாம் கட்டில், படகோட்டியாக இருந்த கிழவர் தாசியானோ. அவருடைய கம்பி, அவருடைய நிலை. இரண்டு. மூன்று. வரிகள் ஏறிக்கொண்டே போயின. ஆறு. பிறகு ஏழு. ஏழாவதின் கீழே எழுத்து நிற்கவே இல்லை. பக்கம் பக்கமாக ஓடியது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஏழாவதின் கையில் ஒரு கம்பி அல்ல, மற்ற ஆறு கம்பிகளின் முனைகளும் இருந்தன. இத்தனை வருடமாக, ஒவ்வொரு கட்டிலிலும் வந்து படுத்தவர்கள் எல்லோருடைய துடிப்பையும் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வரியை அப்படியே எடுத்தால் ஆறும் அறுந்துவிடும். முதலில் ஒவ்வொரு முனையாக அதன் கையிலிருந்து பிரித்து உரியவர்களிடம் கொடுக்க வேண்டும்.

பழையது எழுதி முடித்து அணைந்தது. புதியது கண் விழித்து, குறிப்பை அவள் முன் விரித்துக் காத்திருந்தது.

அந்த நேரத்தில் மின்சாரம் போனது.

வெயில் ஏறினால் ஊரில் மின்சாரம் போவது வழக்கம்தான். சர்வருக்கு மின்கலம் இருந்தது, திரை அணையவில்லை. ஆனால் விளக்கு போனது. குளிர்சாதனம் ஒருமுறை குலுங்கி அடங்கியது. சர்வர் பெட்டியின் விசிறிகளும் மின்கலத்தை மிச்சம் பிடிக்க வேகம் குறைந்து, குறைந்து, நின்றே போயின. பலகை அறைந்த ஜன்னலின் இடுக்கில் வெள்ளைக் கத்தி மாதிரி ஒரே ஒரு கீற்று வெளிச்சம். வாளியில் கடைசிச் சொட்டு விழுந்தது.

அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

உள்ளே இழுத்தது. கொஞ்சம் நின்றது. வெளியே விட்டது.

விசிறி இல்லை. விசிறியாக இருந்ததே இல்லை.

நிமியா திரும்பவில்லை. திரும்பினால் கம்பி மாறிவிடும். முதல் முனையைப் பிரித்தாள். தாசியானோவிடம் கொடுத்தாள். பின்கழுத்தில் ஈரமான சூடு பட்டது. ஆற்றுச் சேற்றின் வாடை, தண்ணீரில் ஊறிப்போன துணியின் வாடை. இரண்டாவது முனை. அவள் காதருகே அந்த மூச்சு கொஞ்சம் விக்கியது, கேள்வி கேட்க வருகிறவனைப் போல. மூன்றாவது. சிரிலா. விரல் வழுக்கியது. துடைத்துக்கொண்டாள்.

"நிமியா!" தோளில் தொங்கிய ரிசீவரில் எயுசேபியா. "இவ கை ஜில்லுனு ஆகுது!"

"விடாதீங்க!"

நான்கு. ஐந்து.

தோளில் ஏதோ அமர்ந்தது. கனம். ஈரம். விரல்கள் என்று நினைக்க அவள் விரும்பவில்லை.

"கேளு," என்றாள் நிமியா, திரையைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்னைத் தேடி யாரும் வரல. பாவம்தான். அதுக்காக இவங்களைக் கொடுக்க மாட்டேன். ஒருத்தரைக்கூட."

ஆறு.

ஏழாவது வரி வெறும் வரியாக நின்றது. கையில் எதுவும் இல்லாமல்.

அழித்தாள். தொடரச் சொன்னாள்.

திரை கறுத்தது. ஒரு கணம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒரு சேவையும் விழவில்லை. ஒரு துடிப்பும் தவறவில்லை. ஒன்றாம் எண்ணில் புதியது, இலேசாக, ஊதாமல், ஓடிக்கொண்டிருந்தது. தோளில் கனம் இல்லை. அறையில் மூச்சு இல்லை. அப்படி ஒரு அமைதியை அந்த அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது அவளுக்கு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"முடிஞ்சுது! சிரிலா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா," என்றாள் எயுசேபியா. குரலில் விளையாட்டு இல்லை. "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நீ கொஞ்சம் மேல வா."

அப்போதுதான் நிமியா எண்களைப் பார்த்தாள். ஆறு வரிகளிலும் ஒரே எண்.

மாடிப்படி ஏறும்போதே ஜெனரேட்டர் இரைந்து விளக்குகள் வந்தன. பிரிவின் வாசலில் பிளாசிதா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள், உள்ளே போக மறுத்து. எயுசேபியா மூன்றாவது கட்டிலருகில் நின்றாள். அவள் கையில் இன்னும் சிரிலாவின் கை.

"பாரு," என்றாள்.

ஆறு மார்புகள் ஒன்றாக ஏறின. ஆறும் ஒன்றாக இறங்கின. மூச்சுக் குழாய் பொருத்திய தாசியானோவும், பொருத்தாதவர்களும். அவருடைய இயந்திரம்கூடத் தன் தாளத்தை விட்டுவிட்டு அதே தாளத்தில் உறுமியது.

"எப்பலேருந்து?"

"நீ முடிஞ்சுதுன்னு சொன்னதுலேருந்து."

நிமியா உள்ளே நடந்தாள். அவளுடைய மூன்றாவது அடியில் ஆறு பேரும் கண் திறந்தார்கள். ஒரு வாரமாக நினைவே இல்லாமல் கிடந்த தாசியானோவும் திறந்தார். யாரும் கூரையைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள்.

அவளுக்கு மூச்சு நின்றது.

ஆறு மார்புகளும் நின்றன.

மேசையில் மணி அடித்தது. ஆறு மணிகளும் சேர்ந்து அடித்தன. அவள் கீழே மாற்றி வைத்த புதிய முதல் நிரல் அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது. எயுசேபியா சிரிலாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மூச்சு விடு! மூச்சு விடு பொண்ணே!" சிரிலாவின் உதடு நீலம் பாரித்தது. கண் மட்டும் நிமியாவை விட்டு அகலவில்லை. பொறுமையாகக் காத்திருந்தது.

நிமியா மூச்சை இழுத்தாள்.

ஆறு பேரும் இழுத்தார்கள். மணிகள் ஓய்ந்தன.

"கடவுளே," என்றாள் எயுசேபியா. "உன்கூட... இவங்க உன்கூட..."

"ஷ். பேச வைக்காதீங்க. எண்ணி மூச்சு விடறேன்."

இழுத்தாள். விட்டாள். காலியான அந்த மூலையை வெறித்தாள். அங்கே சுவரும், பழைய பிளக்கும், கட்டில் கால்கள் அழுந்திய தரையும்தான். நர்ஸ் மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து, ஆறு கட்டில்களுக்கும் நடுவில் போட்டு, காலை அகட்டி உட்கார்ந்தாள். பயம் போகவில்லை. ஆனால் அவள் எழுந்து ஓடப்போவதும் இல்லை. அதை அந்த மூலைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. எத்தனை நாள் ஆனாலும் சரி. தூங்காமல் கிடந்தாலும் சரி. அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"ஆளைத் தப்பாப் பிடிச்சிட்ட," என்றாள்.

சொல்லும்போதே பார்த்தாள். சிரிலாவின் உதடுகள் சத்தமில்லாமல் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. எதிர்க் கட்டிலிலும். தாசியானோ குழாயைக் கடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வாய்களும், அவளோடு சேர்ந்து அல்ல.

அவளுக்கு ஒரு சொல் முன்னால்.

எயுசேபியா சிலுவைக்குறி போட்டாள். நிமியா பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டாள், நாற்காலியின் கைகளைப் பற்றினாள், ஒவ்வொரு முகமாகத் திமிரோடு பார்த்தாள். அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

ஆறு வாய்களும் திறந்தன.